பக்கக் கதவு வழியே பொதுமக்கள்

நான்தான் பொதுமக்கள்.

சிரிக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புத் துறை என்று ஒன்று இருக்கிறது. அங்கே செய்முறைத் தேர்வு நடக்கும் நாளில் கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள். தேர்வாளர்கள் இருவர், நிருபர்கள் நால்வர், ஒளிப்பதிவாளர் ஒருவர், பொதுமக்கள் ஒருவர். அந்த ஒருவர் அடியேன். ஒரு நாட்டின் மொத்த ஜனத்தொகையையும் ஒற்றை ஆளாக, அதுவும் மூட்டுவலியோடு, தோளில் சுமந்தவன் உலக வரலாற்றிலேயே நான் ஒருவன்தான் என்று அடித்துச் சொல்வேன்.

அதற்கு முன்னால் நான் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சரிபார்த்து முத்திரை வைக்கிற உத்தியோகம். ஒரு கிராம் கூட்டிச் சொன்னால் கடைக்காரர் வழக்குப் போடுவார். ஒரு கிராம் குறைத்துச் சொன்னால் மேலதிகாரி விளக்கம் கேட்பார். இப்படி வேலைக்காலம் முழுக்க உள்ளதை உள்ளபடியே எழுதி எழுதி எனக்குள் எவ்வளவு பொய் தேங்கிப் போயிருக்கும், யோசித்துப் பாருங்கள். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அணை உடைந்தது. பால் வாங்கிக்கொண்டு வந்தவன், வழியில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு பூனையைப் பார்த்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவியது. ஓய்வூதியம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மனைவியும் சளைத்தவள் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை கொடுத்துவிடுவாள்.

"இவர் சொல்றதுல பத்துல ஒண்ணு எடுத்துக்கோங்க. மீதி ஒன்பதும் ரிட்டயர்மெண்ட்."

பொதுமக்கள் பதவியை எனக்கு வாங்கித் தந்தவள் மச்சினி. மனைவியின் தங்கை. அந்தத் துறை அலுவலகத்தில் எழுத்தர். ஒரு வருஷம் தேர்வுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடி வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அத்தான், சும்மா வந்து கத்தணும். அவ்வளவுதான். டீ, பிஸ்கட், பஸ் செலவு எல்லாம் உண்டு."

"எதுக்குக் கத்தணும்?"

"அதை ஒரு அட்டையில எழுதிக் கொடுப்பாங்க. அதுல இருக்கறதை மட்டும் கத்துங்க. நீங்களா ஒண்ணும் சேக்காதீங்க."

சேர்க்காதீர்களாம். மீனிடம் நனையாதே என்கிறாள்.

தேர்வு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நீண்ட மேசை. அதன் மேல் வரிசையாக மைக்குகள். உலகத்தில் இல்லாத தொலைக்காட்சிகளின் சின்னங்களைத் தாளில் வரைந்து அவற்றில் ஒட்டியிருப்பார்கள். அதில் ஒன்று மைக்கே இல்லை, கரண்டிக் காம்பில் பஞ்சைச் சுற்றி வைத்தது. மேசைக்குப் பின்னால் மாணவரோ மாணவியோ ஏதோ ஒரு நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளராக உட்கார வேண்டும். அந்த நிறுவனத்துக்கு என்ன கேடு வந்தது என்பதை அறைக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால்தான் சொல்வார்கள். பாலில் ஈ விழுந்திருக்கும், கப்பல் தரைதட்டியிருக்கும், வங்கியின் கணினி படுத்திருக்கும். நிருபர் வேஷம் போட்ட சீனியர் பிள்ளைகள் குடை குடையென்று குடைவார்கள். சூடு ஏறியதும் தேர்வு நடத்தும் பேராசிரியை பேனாவால் மேசையில் தட்டுவார். பக்கக் கதவு திறக்கும். கொதித்தெழுந்த பொதுமக்கள் உள்ளே பாய்வார்கள். அதாவது நான்.

முதல் முறை என் அட்டையில் இருந்தது பாலில் ஈ. கதவைத் தாண்டும்போதே அந்த ஈ தவளையாகிவிட்டது. மேசையை அடைவதற்குள் தவளைக்குக் குடும்பம் வந்துவிட்டது. பாவம், செய்தித் தொடர்பாளராக இருந்த பையன் என்னிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தான். பேராசிரியை மட்டும் பூரித்துப் போனார். "சார், நிஜத்துல ஜனங்க இப்படித்தான் பேசுவாங்க. அடுத்த வருஷமும் வந்துடுங்க" என்றார். நான் நிரந்தரமானது அப்படித்தான்.

என்னிடம் திட்டு வாங்கியவர்கள் யாரும் வீணாய்ப் போகவில்லை. ஒருத்தி விமான நிறுவனத்தில் இருக்கிறாள். விமானம் ஐந்து மணி நேரம் தாமதம் என்று அவள் அறிவித்தால் பயணிகள் எழுந்து நின்று கைதட்டுகிறார்களாம். ஒருவன் அமைச்சருக்குப் பேச்சு எழுதுகிறான். அமைச்சர் அதைப் படித்துவிட்டுத் தானே அழுதுவிட்டாராம். மிருகக்காட்சிசாலைக்குப் போனவன், ஒட்டகச்சிவிங்கி குட்டி போட்டால் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வரவைக்கிறான். பிஸ்கட் கம்பெனிக்கு ஒருத்தி, வங்கிக்கு ஒருவன், மாரத்தான் ஓட்டம் நடத்துகிற நிறுவனத்துக்கு இரண்டு பேர். மூன்று நாற்காலி போட்டுச் சொந்தமாக ஏஜென்சி வைத்திருக்கிறவளும் உண்டு; அந்த நாற்காலிகளில் இரண்டு காலி. இதில் பத்தில் ஒன்று எடுத்துக்கொண்டாலும் பெரிய படிப்புத்தான்.

அப்படி ஒரு வருஷத்து வகுப்பில்தான் இடைவேளை இருந்தாள்.

அது அவளுக்கு நண்பர்கள் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. டீ வேண்டுமா என்று கேட்டால்கூட டீயைப் பற்றி முழுமையாக யோசித்துவிட்டுத்தான் வேண்டும் என்பாள். சினிமாவில் இடைவேளை விட்ட மாதிரி, நாம் போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்காரலாம். மற்ற துறை என்றால் பரவாயில்லை. இங்கே அது கொலைக்குற்றம். "மௌனமா இருந்தா மறைக்கறீங்கன்னு அர்த்தம்" என்பது பேராசிரியையின் முதல் விதி. கேள்வி பிடிக்காவிட்டால் பாலம் போட வேண்டும் என்பது இரண்டாவது. "அது நல்ல கேள்வி, ஆனா இங்க முக்கியம் என்னன்னா" என்று அந்தக் கரையிலிருந்து நம் கரைக்கு நைசாக வந்துவிட வேண்டும். மூன்றாவது விதி, என்ன நடந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. செய்தித் தொடர்பாளர் எழுந்து போனால் நிறுவனமே ஓடிப்போன மாதிரி. எழுந்தால் பூஜ்யம்.

இடைவேளை போன முறை இதே தேர்வில் தோற்றிருந்தாள். பாலம் போடச் சொன்னால் கரையிலேயே நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி எழுத இந்த ஒரு வாய்ப்புத்தான். ஊரின் பெரிய மருத்துவமனை தன் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் அவளுக்கு ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. தேர்ச்சித் தாளைக் கொண்டுவந்தால் வேலை; இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆள்.

தேர்வன்று காலை டீக் குவளையோடு வராந்தாவில் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏம்மா, ஆஸ்பத்திரியை ஏன் பிடிச்சே? பிஸ்கட் கம்பெனின்னா பிஸ்கட்டாவது மிஞ்சும்," என்றேன்.

வழக்கம்போல் இடைவேளை விட்டாள். நான் பாதி டீயைக் குடித்து முடித்தேன்.

"அப்பாவை அங்க சேர்த்திருந்தோம் அங்கிள். ராத்திரி பகல்னு நானும் அம்மாவும் வராந்தாவுலயே உக்காந்திருந்தோம். அப்பா நல்லா ஆயிட்டார். ஆனா அத்தனை நாளும் உள்ள என்ன நடக்குதுன்னு வந்து ரெண்டு வார்த்தை சொல்ல ஒரு ஆள் இல்ல. அந்த ஆளா நான் போய் உக்காரணும்."

என் பங்கு பிஸ்கட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

இங்கே இன்னொரு சங்கதி. பல்கலைக்கழகத்துக்கென்று நிஜமாகவே ஒரு மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கிறது, வேறொரு கட்டடத்தில். ஆனால் வெளியாள் யாராவது போன் போட்டு "மக்கள் தொடர்பு வேணும்" என்றால், தொலைபேசி இணைப்பகத்தில் இருக்கிறவர் நேரே எங்கள் துறைக்குத் தள்ளிவிடுவார். மச்சினி எடுப்பாள். "இது பாடம் நடத்தற இடம்ங்க" என்பாள். அவர்கள் கேட்டால்தானே? குடிநீர்க் குழாய், உடைந்த மதில், குரைக்கிற நாய் என்று ஊர்க் குறையெல்லாம் அவள் காதில் கொட்டும். அவள் போய்ப் பேராசிரியையிடம் சொல்வாள். பேராசிரியை கண்கள் மின்ன, "அடடா, அருமையான கேள்வி!" என்பார். அடுத்த தேர்வில் அது அட்டையாக வந்துவிடும். குறை சொன்னவர் என்ன ஆனார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். கேள்வி நன்றாக இருக்கிறதா என்பதுதான் எங்களுக்கெல்லாம் கவலை.

அன்று என் அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: 'பெயிண்ட் தொழிற்சாலையின் புகையால் மாடியில் காயப்போட்ட துணிகள் பாழாகின்றன. கோபமாக இருக்கிறீர்கள்.'

பக்கக் கதவுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மச்சினி டீ குடிக்கப் போயிருந்தாள். படியேறி ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். கையெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளிறியிருந்தது. தோளில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதன் குறுக்கே மஞ்சளும் பழுப்புமாக ஒரு பெரிய கறை.

"மக்கள் தொடர்பு இதுதானா சார்? வாட்ச்மேன் மேல போகச் சொன்னார்."

"இதேதான். நீங்களும் உள்ள போகத்தான் வந்தீங்களா?"

"ஆமா சார். புகை விஷயம்."

எனக்குச் சுருக்கென்றது. என் அட்டையும் புகை. போட்டிக்கு ஆள் பிடித்திருக்கிறார்கள்! அதுவும் கையில் துணியோடு. எத்தனை வருஷமாகக் கத்துகிறேன், ஒரு கைக்குட்டை கொண்டுபோகலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

"துணி பிரமாதமா இருக்கு," என்றேன் பொறாமையை விழுங்கிக்கொண்டு. "கறை நீங்களே பண்ணதா?"

"நானா? உங்க ஆளுங்க பண்ணது சார்!"

ஆக, துறையே செய்து கொடுத்திருக்கிறது. எனக்கு பிஸ்கட்டோடு சரி. புதுசாக வந்தவருக்குக் கறையெல்லாம் தயார்.

"இதுக்கு முன்னாடி உங்களைப் பார்த்ததில்லையே?"

"மூணு மாசமா போன்தான் சார் பண்ணிட்டிருந்தேன். நேர்ல இன்னைக்குத்தான் வர்றேன். நீங்க?"

"நான் ஆறு வருஷமா வர்றேன்."

மனிதர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். "ஆறு வருஷமாவா? இன்னும் உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"பண்ணாம என்ன? டீ கொடுக்கறாங்க, பிஸ்கட் கொடுக்கறாங்க, பஸ் செலவு கொடுக்கறாங்க."

"அதை வாங்கிட்டு சும்மா போயிடறீங்களா?"

"சும்மா எங்க போறேன்? தொண்டை கிழியக் கத்திட்டுத்தான் போறேன்."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

"கத்தினா கேப்பாங்களா சார்?"

"கத்தினாத்தான் இங்க மதிப்பே. மெதுவா பேசினா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க."

உள்ளே பேனா தட்டுகிற சத்தம் கேட்டது. புது ஆள், முதல் தடவை வேறு. மூத்த கலைஞனாக ஒரு பெருந்தன்மை வேண்டாமா? "முதல்ல நீங்க போங்க. துணியை மேசை மேல விரிச்சுப் போடுங்க. பயப்படாதீங்க," என்று கதவைத் திறந்துவிட்டேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நல்ல மனசோடு இவ்வளவு பெரிய குழப்பத்துக்கு நான் கதவு திறந்ததில்லை.

இடுக்கு வழியாகப் பார்த்தேன். இடைவேளை மேசைக்குப் பின்னால் வெளிறிப் போய் உட்கார்ந்திருந்தாள். நிருபர்கள் ஏற்கெனவே பிய்த்திருந்தார்கள். ஓரத்தில் பேராசிரியை. அவர் பக்கத்தில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். சிமெண்ட் கம்பெனியில் மக்கள் தொடர்பு மேலாளர். முகமும் அதே சரக்கால் பூசியது போல இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் சிமெண்ட் சார்.

"யாரும்மா இங்க மக்கள் தொடர்பு? நீயா?" என்று அந்த ஒல்லி மனிதர் கேட்டபோது சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஒரு கணம் நின்றது. விரிப்பை மேசையில் போட்டார். கரண்டி மைக் உருண்டு விழுந்தது.

"பாரும்மா இதை! ஹோட்டலுக்குப் போற துணி. தினமும் துவைக்கறேன், தினமும் மஞ்சளாகுது. திரும்பத் துவைக்கறேன். நேத்து ஹோட்டல் மேனேஜர் சொல்லிட்டார், இன்னொரு துணி இப்படி வந்தா வேற கடையைப் பாத்துக்கறேன்னு. போன் பண்ணா ஒரு அம்மா எழுதிக்கறேன் எழுதிக்கறேன்னு சொல்றாங்க. எத்தனை நாள் எழுதுவாங்க? காவியமா எழுதறாங்க?"

பேராசிரியை சந்தோஷமாகக் குறிப்பெடுத்தார். என்னைவிட நன்றாகச் செய்கிறார் என்று நினைத்திருப்பார். ஒப்புக்கொள்கிறேன், செய்தார்.

பாலம் போட வேண்டிய இடம். இடைவேளை வாயைத் திறக்கவில்லை. சலவைக்காரர் இன்னும் கொஞ்சம் கத்தினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்துவதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தள்ளு வேண்டும். அது வராததால் அவர் சத்தம் தானாகவே இறங்கிவிட்டது. அப்போது அவள் விரிப்பின் ஒரு முனையை இழுத்து முகர்ந்து பார்த்தாள். துறை தொடங்கிய நாளிலிருந்து நாடகச் சாமானை முகர்ந்து பார்த்தவர் யாரும் கிடையாது.

"இது பெயிண்ட் புகை இல்லயே," என்றாள் மெதுவாக. "பொரிச்ச எண்ணெய். எங்க ஹாஸ்டல் சமையல்கட்டு வாசனை. என் தலகாணியில தினமும் இதே வாசனைதான். அண்ணே, உங்க கடை எங்க இருக்கு?"

"ஹாஸ்டல் மதிலுக்குப் பின்னாடிதாம்மா. மாடியிலதான் காயப்போடறது."

அவள் பேராசிரியையைப் பார்த்தாள். "மேடம், இவர் நிஜமாவே வந்திருக்கார்."

"எல்லாரும் நிஜமாத்தான் வருவாங்க. நீ பதில் சொல்லு."

"போய் பார்த்துட்டு வந்து சொல்றேன் மேடம்."

"எழுந்தா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்."

அப்புறம் விட்டாளே ஒரு இடைவேளை! அதில் ஒரு படமே ஓட்டியிருக்கலாம். அவளுக்கு முன்னால் மருத்துவமனை நாற்காலி இருந்தது, பக்கத்தில் கறை படிந்த துணியோடு ஒரு மனிதர். இடுக்கில் நின்ற என் கையில் அட்டை வியர்வையில் கூழாகிவிட்டது. உட்காரு, உட்காரு என்று மனசுக்குள் கத்தினேன். சம்பளமில்லாமல் நான் கத்திய ஒரே தடவை அதுதான்.

அவள் எழுந்தாள். விரிப்பின் இரண்டு முனைகளை அவரிடம் கொடுத்து, மற்ற இரண்டைத் தான் பிடித்து, சேர்ந்து மடித்தாள். "வாங்கண்ணே, போய் பார்க்கலாம்," என்றாள்.

அவர்கள் பின்னால் நான் போனேன். என் பின்னால் ஒளிப்பதிவாளன். அவனை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதனால் எடுத்துக்கொண்டே வந்தான்.

சலவைக் கடை மாடியில் வெள்ளை விரிப்புகள் கடற்படை மாதிரி பாய் விரித்து நின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம் விடுதிச் சமையல்கட்டு. அதன் புகைக்குழாய் மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டி, வாயை நேராக இந்த மாடியைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. இவர்மேல் அதற்கு ஏதோ முன்விரோதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இடைவேளை மதிலோரமாகப் போய்க் குரல் கொடுத்தாள். சமையல்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்ன பாப்பா, உனக்கு இன்னைக்குப் பரீட்சைன்னாங்க? அங்க மாடி மேல என்ன பண்றே?"

"அண்ணே, இந்தக் குழாய் எப்போ இந்தப் பக்கம் திரும்புச்சு?"

"லீவுல ரிப்பேர் பார்த்தாங்களே, அப்போ. ஏன், அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களா?"

சலவைக்காரர் ஒரு விரிப்பைத் தூக்கி ஆட்டினார். சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட கடவுளே! இங்கேருந்து மதில்தானே தெரியுது எனக்கு!"

இடைவேளை சலவைக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நான் இங்க படிக்கற பொண்ணு. குழாயைத் திருப்பறது என் கையில இல்ல. யார் கையில இருக்குன்னு தெரியும். பராமரிப்பு இன்ஜினியரை சாயங்காலம் இந்த மாடிக்கே கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும், எண்ணெய்ச் சட்டி வைக்கறதுக்கு முன்னாடி சமையல்கார அண்ணன் உங்களுக்கு ஒரு குரல் கொடுப்பார். துணியை எடுத்துடுங்க."

"அப்போ நீ மக்கள் தொடர்பு இல்லையா?"

"இல்லண்ணே. அதுக்குத்தான் பரீட்சை."

"அப்போ இவரு?" என்று என்னைக் காட்டினார்.

"அவர் பொதுமக்கள்."

"நானும் அதானே," என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

நாங்கள் திரும்பி வந்தபோது துறையில் பிரளயம். டீ குடித்துவிட்டு வந்த மச்சினி, அந்த ஒல்லி மனிதர் துணியோடு படியிறங்கிப் போவதைப் பார்த்திருக்கிறாள். "காவியமா எழுதறாங்கன்னு புலம்பிட்டுப் போனாரே, அது போன்ல வர்ற குரலாச்சே!" என்று ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். நெருக்கடிகளைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்த பேராசிரியை வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"உடனே பல்கலைக்கழக மக்கள் தொடர்பு அலுவலகத்துக்குப் போன் போடு!"

மச்சினி இணைப்பகத்துக்குப் போன் போட்டாள். "மக்கள் தொடர்பு குடுங்க" என்றாள். காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"பிஸியா இருக்காம் மேடம்."

"எது?"

"நம்ம போன்தான்."

சிமெண்ட் சார் சிரித்தார். பார்த்தவர்கள் இருக்கிறார்கள், நான் கற்பனை செய்யவில்லை. முகத்துக் காரையில் விரிசல் விட்ட மாதிரி இருந்தது. ஆனால் இடைவேளையைப் பார்த்ததும் பேராசிரியை சுதாரித்துக்கொண்டார். "நீ பண்ணது நல்ல காரியம்மா. ஆனா எழுந்துட்டே. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். நான் என்ன பண்ணட்டும்?"

இடைவேளை சரியென்று தலையை ஆட்டினாள்.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றார் சிமெண்ட் சார். "அந்த ஆள் உங்க அட்டையில இல்ல. அவர் வந்தது பரீட்சையிலேயே சேராது. அவர் நுழைஞ்ச இடத்துல பரீட்சை நின்னு போச்சு. பொதுமக்கள் இன்னும் உள்ளயே வரல."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபடி அவள் நாற்காலியில் உட்கார வேண்டும், தேர்வு நின்ற இடத்திலிருந்து நான் நுழைய வேண்டும் என்று முடிவாயிற்று. அவள் உள்ளே போவதற்கு முன்னால் என் பக்கமாக வந்து நின்றாள். என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ, கண்டுபிடித்துவிட்டாள்.

"அங்கிள், எனக்காகன்னு குறைச்சுக் கத்தாதீங்க. சிமெண்ட் சார் கண்டுபிடிச்சுடுவார். எனக்கும் அப்படி வேண்டாம்."

"உனக்காக ஒரு கிராம்கூடக் குறைக்க மாட்டேன்மா. இது முத்திரை வெச்ச ஆள்."

பேனா தட்டியது. பாய்ந்தேன்.

அந்த நாளைப் போல நான் என்றுமே கத்தியதில்லை. துணியில் ஆரம்பித்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் திரைச்சீலை எல்லாம் கரியாய்ப் போயிற்று என்றேன். என் மாமனார் மாடிக்குப் போனவர் இறங்கி வந்தபோது வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, திருடன் என்று நினைத்துப் பூட்டி வைத்துவிட்டோம் என்றேன். பக்கத்து வீட்டுப் பசு கறுப்பாகப் பால் கறக்கிறது என்றேன். தெருவில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது, காக்கையெல்லாம் வெட்கப்பட்டு ஊரைவிட்டுப் போய்விட்டது என்றேன். நிருபர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார்கள். மேசையில் ஓங்கிக் குத்தினேன். கரண்டி மைக் இரண்டாம் முறை விழுந்தது.

"இதுக்கு உங்க கம்பெனி என்ன சொல்லுது?"

இடைவேளை விட்டாள். பேராசிரியையின் பேனா, கழிக்க வேண்டிய மதிப்பெண்ணுக்கு மேலே நின்றது.

"சார், நடந்ததுக்கு வருத்தப்படறேன்," என்றாள். "நான் இன்னும் உங்க மாடியைப் பார்க்கல. பார்க்காம உங்களுக்கு எதையும் சொன்னா அது சரியா இருக்காது. இந்தக் கூட்டம் முடிஞ்சதும் நானே வர்றேன். உங்க வீடு எங்க இருக்கு? போய் பார்க்கலாமா?"

வீடா?

அட்டையைப் பார்த்தேன். அட்டையில் வீடு இல்லை. ஆறு வருஷத்தில் ஈ, கப்பல், வங்கி, தீ என்று எத்தனையோ நெருக்கடிக்கு வந்திருக்கிறேன். ஒரு பிள்ளைகூட என் வீடு எங்கே என்று கேட்டதில்லை. தெரு ஒன்றைக் கட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் பேனாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போவதை அப்படியே நம்புகிற முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் கறுப்புப் பால் கறக்கும் பசுவை எந்தத் தெருவில் கட்டுவது? வாயை மூடினேன். திறந்தேன். மூடினேன். அறையில் அன்று விழுந்த மிகப் பெரிய இடைவேளை என்னுடையதுதான்.

"பொதுமக்கள் பதில் சொல்லலாம்," என்றார் சிமெண்ட் சார்.

"பொதுமக்களுக்கு வழி மறந்து போச்சு சார்," என்றேன்.

அவள் தேர்ச்சி பெற்றாள். முதல் மதிப்பெண் எல்லாம் இல்லை. பாலத்துக்கான பகுதியில் பேராசிரியை தாராளமாகக் கழித்திருந்தார். மருத்துவமனைக்கு அது போதுமானதாக இருந்தது. இன்ஜினியர் அன்று சாயங்காலமே மாடிக்கு வந்து பார்த்தார். குழாய் திரும்ப மட்டும் இன்னும் சில நாள் பிடித்தது. அதுவரை சமையல்காரர் எண்ணெய் காய்வதற்கு முன்னால் கொடுத்த குரல் இருக்கிறதே, பக்கத்து ஊரிலும் துணியை எடுத்தார்கள். பேராசிரியை பழைய அட்டைகளை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் யார் என்று மச்சினியிடம் கேட்டு, மாணவர்களை நேரில் அனுப்பி வைத்தார். குரைக்கிற நாய்க்குப் போன பையன் அந்த நாயோடு திரும்பி வந்தான்.

போன மாதம் மூட்டுவலிக்காக அந்த மருத்துவமனைக்குப் போனேன். வராந்தாவில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு நடுவில் இடைவேளையும் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஏதோ கேட்டார்கள். அவள் உடனே பதில் சொல்லவில்லை. அவர்களும் அவசரப்படுத்தவில்லை. எனக்கு ஒரு கையசைப்பு மட்டும் வந்தது.

வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். என்னைப் பார்த்ததும் மருத்துவமனையே எழுந்து நின்றது, ஏழு டாக்டர்கள் என் முழங்காலைச் சுற்றி மாநாடு போட்டார்கள், இப்படி ஒரு காலை மருத்துவ உலகம் கண்டதே இல்லை என்று பெரிய டாக்டர் கண் கலங்கினார், என் பெயரில் வாசலில் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள் என்றேன்.

முன்பெல்லாம் பத்தில் ஒன்று என்று கணக்குப் போடுவாள். இப்போது அந்தச் சிரமம்கூட இல்லை. தேர்வில் நடந்ததை மச்சினி அவளிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"அப்படியாங்க? பலகை எந்தப் பக்கம்? போய் பார்க்கலாமா?"

நான் காபியைக் குடித்தேன். நல்ல சூடு. நிஜமாகவே.